மருந்துக்கு மசியாத கிருமியும் கையில் இருக்கும் செல்போனும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. செல்போன், துண்டு, சீப்பு, கைப்பை என்று அன்றாடம் தொடும் பொருட்களில் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இருக்கிறதாமே, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பணிக்காலம் முழுவதும் மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டுகளை, அதாவது நோயாளியின் மாதிரியிலிருந்து பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் தட்டுகளை, படித்தவள் நான். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கழிப்பறை இருக்கையைவிட செல்போனில்தான் கிருமி அதிகம், அதிலும் மருந்துக்குக் கேட்காத கிருமி என்று படித்தேன் மேடம். அன்றிலிருந்து போனைத் தொடவே கூசுகிறது. என் குழந்தை வேறு அதை எடுத்து வாயில் வைக்கிறாள். நான் பயப்படுவது சரியா?
*இரண்டு வயதுப் பெண் குழந்தையின் தாய்*

கழிப்பறை இருக்கையோடு ஒப்பிடுவதை முதலில் மறந்துவிடுங்கள். அந்த இருக்கையை அடிக்கடி கழுவுகிறோம், அது வழவழப்பானது, காய்ந்தும் கிடக்கும். எனவே அதில் எண்ணிக்கை குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. போனைக் கழுவுவதில்லை. கையில் இருப்பதெல்லாம் அதில் ஒட்டுகிறது. எத்தனை பாக்டீரியா இருக்கின்றன என்ற எண்ணை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. எந்த பாக்டீரியா, அது உடம்புக்குள் போக வழி இருக்கிறதா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

பாக்டீரியா வளர்வதற்கான ஊட்டம் உள்ள ரத்த அகார் தட்டில் ஒரு போனை மெதுவாக அழுத்தி எடுத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்தால் மறுநாள் காலையில் போனின் வடிவத்திலேயே புள்ளிகள் முளைத்திருக்கும். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவது வழக்கம். முதலில் முகம் சுளிப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து அடையாளம் காணச் சொல்வேன். பெரும்பாலானவை ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், மைக்ரோகாக்கஸ் போன்றவையாகவே இருக்கும். நம் தோலில் பிறந்ததிலிருந்து குடியிருக்கிற இனங்கள் இவை. போனில் இருப்பது ஏறக்குறைய உங்கள் கையின் நகல்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சாதுவான எபிடெர்மிடிஸ் இனத்திலும் மெதிசிலின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாதவை நிறைய உண்டு. 'பரிசோதித்த போன்களில் எதிர்ப்புத் திறன் பெற்ற ஸ்டெஃபிலோகாக்கஸ் இருந்தது' என்ற செய்தியைப் படித்தால், அது எந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பாருங்கள். செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். ஆரோக்கியமான ஒருவரின் தோலில் எபிடெர்மிடிஸ் இருப்பதால் ஒன்றும் ஆகாது. இதய வால்வு, செயற்கை மூட்டு, ரத்தக் குழாயில் செருகிய டியூப் உள்ளவர்களுக்கு அதே கிருமி தொல்லை தரும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பெயர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கொப்புளம், சீழ்க்கட்டி, சில நேரம் ரத்தத்தில் தொற்று என்று எல்லாம் அதன் வேலை. ஆனால் அதுவும் ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்கில் எந்தக் கெடுதலும் செய்யாமல் வாழ்கிறது.

2011இல் பிரிட்டனில் 12 நகரங்களில் எடுத்த மாதிரிகளில், ஆறில் ஒரு போனில் ஈ. கோலை பாக்டீரியா தென்பட்டது. மலத்திலிருந்து வருவது அது. கைகளிலும் அதே அளவுதான் இருந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டுச் சரியாகக் கழுவாத கை போனை எடுத்தது, அவ்வளவுதான் அதன் பொருள். அந்தப் போனை மட்டும் துடைத்துவிட்டுக் கையை விட்டுவிட்டால் அடுத்த நிமிடமே பழைய நிலைதான்.

உங்கள் குழந்தைக்காக இரண்டு செய்யுங்கள். போனைக் கழிப்பறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியே போய்விட்டு வந்ததும் முதலில் கை கழுவுங்கள், பிறகு போனை அணைத்துவிட்டு, 70% ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். நேராகத் தெளிக்காதீர்கள், துளைகளுக்குள் ஈரம் போய்விடும். பிளீச் வேண்டவே வேண்டாம். உறையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவலாம், அதன் ஓரங்களில்தான் அழுக்கு தங்குகிறது. அவள் போனை வாயில் வைத்ததற்காக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'முன்னெச்சரிக்கைக்காக' என்று சிரப் வாங்கிக் கொடுத்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன் மருந்தே சாப்பிடவில்லையே, அதில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மட்டும் எப்படி எதிர்ப்பு சக்தி வந்தது?
*ஒன்பதாம் வகுப்பு மாணவர்*

தம்பி, இந்த மாத அஞ்சலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையது.

போனுக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. காய்ந்த கண்ணாடியில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அது அங்கே பெருகுவதில்லை, காத்திருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் காய்ந்த பரப்பில் ஒரு வாரத்திலிருந்து ஏழு மாதம் வரை உயிரோடு இருந்ததாக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எதிர்ப்புத் திறன் உருவானது வேறெங்கோ ஓர் உடலில், அல்லது ஆன்டிபயாடிக் கலந்த ஏதோ ஒரு சூழலில். போன் அதைச் சுமந்து வந்தது.

உருவாவது எப்படி? பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வில் எப்போதாவது ஒரு பிழை நேர்கிறது. கோடிக்கணக்கில் பிரியும்போது அந்தப் பிழைகளில் ஒன்று, மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவத்தை மாற்றிவிடலாம். மருந்து வந்ததால்தான் அந்த மாற்றம் நேர்கிறது என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். 1952இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்களின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதே அமைப்பில் மருந்து கலந்த வேறு தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் இருந்தவையே பிழைத்தன. அதாவது, மருந்தையே பார்த்திராத முதல் தட்டிலும் எதிர்ப்புத் திறன் உள்ளவை ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தன. மருந்து செய்தது, மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்தது. முகத்துக்குப் பூசும் பவுடர் பஃப் போல ஒரு துணித் துண்டால் உயிரியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம். எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றிக்கொண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, இனம் விட்டு இனம்கூடப் போகும். 1959இல் ஜப்பானில் வயிற்றுப்போக்கு நோயாளிகளின் பாக்டீரியாக்களை ஆராய்ந்தபோது, பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே மூட்டையாக ஈ. கோலைக்கும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே கைமாறுவது தெரியவந்தது.

இதெல்லாம் மனிதன் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகியா என்ற ஆழமான குகை இருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பில்லாத அந்தக் குகைப் பகுதியில் எடுத்த பாக்டீரியாக்கள் இன்றைய ஆன்டிபயாடிக்குகள் பலவற்றைத் தாங்கின என்று 2012இல் வெளியானது. ஆன்டிபயாடிக்குகளில் பல, பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றோடொன்று போராடத் தயாரித்த பொருட்கள்தானே. எதிர்ப்பும் அதே அளவு பழசு. நாம் செய்தது, அந்தப் பழைய திறனைக் குறுகிய காலத்தில் உலகம் முழுக்கப் பரப்பியதுதான். மெதிசிலின் மருந்து அறிமுகமாகி ஓரிரு ஆண்டுகளுக்குள், 1961இலேயே, இங்கிலாந்தில் அதற்கு மசியாத ஆரியஸைக் கண்டுவிட்டார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று செய்திகளில் படிக்கிறாயே, அதன் தொடக்கம் அது.

ஆன்டிபயாடிக்கே கொல்ல முடியாத கிருமியை சோப்பும் சானிடைசரும் என்ன செய்துவிடும்? அதிகம் பயன்படுத்தினால் அவற்றுக்கும் பழகிவிடாதா?
*அலுவலக ஊழியர்*

நிறையப் பேருக்கு இருக்கும் குழப்பம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு பாகத்தில் போய்ப் பொருந்தி வேலை செய்கிறது. பாக்டீரியா அந்தப் பாகத்தை மாற்றிக்கொண்டால் மருந்து பயனற்றுப் போகிறது. பூட்டை மாற்றிவிட்ட வீட்டில் பழைய சாவி சேராது. ஆனால் ஆல்கஹால் சாவி போட்டுத் திறப்பதில்லை, சுவரையே இடிக்கிறது. சவ்வைக் கரைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை எல்லாம் குலைத்துவிடுகிறது. சோப்பு எண்ணெய்ப் பசையோடு சேர்த்துக் கிருமிகளைத் தோலிலிருந்து பெயர்த்துவிடுகிறது, ஓடும் தண்ணீர் கொண்டுபோய்விடுகிறது. எனவே எம்.ஆர்.எஸ்.ஏ.வும் சாதாரண ஆரியஸும் சோப்புக்கு முன்னால் ஒன்றுதான்.

சானிடைசரில் ஆல்கஹால் குறைந்தது 60% இருக்க வேண்டும். 70% அளவு நன்றாக வேலை செய்யும். நூறு சதவீதம் இன்னும் பலமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். புரதம் குலைவதற்குத் தண்ணீரும் தேவை, சுத்த ஆல்கஹால் அதற்குள் ஆவியாகிவிடும். கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தால் சானிடைசரை நம்ப வேண்டாம், கழுவுங்கள். ஆல்கஹாலால் கொல்ல முடியாதவையும் உண்டு. குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் வித்துகள் அதற்கு அசையாது. அதைச் சோப்பும் தண்ணீரும்தான் கையிலிருந்து கழுவி எடுக்கும்.

பழகிவிடுமா என்றால், 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொன்னார்கள். மருத்துவமனைகளில் பல ஆண்டுகளில் சேகரித்த எண்டெரோகாக்கஸ் ஃபேசியம் என்ற குடல் பாக்டீரியாவின் மாதிரிகளில், பிற்காலத்தவை முன்காலத்தவற்றைவிட ஆல்கஹாலை அதிகம் தாங்கின. ஆனால் அது பெரும்பாலும் நீர்த்த ஆல்கஹாலில் செய்த சோதனை. முழு அளவு சானிடைசரைத் தாங்கும் நிலை அது இல்லை. ஆகவே துளி துளியாகத் தொட்டுக்கொள்ளாமல், கை முழுவதும் நனையும்படி ஊற்றி, காயும்வரை தேயுங்கள்.

'ஆன்டிபாக்டீரியல்' என்று எழுதிய சோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் ட்ரைக்ளோசான் என்ற பொருளைச் சேர்த்து வந்தார்கள். அது ஆன்டிபயாடிக் போலவே பாக்டீரியாவின் ஒரு நொதியைக் குறிவைப்பது, எனவே எதிர்ப்புக்கும் வழிவிடுவது. 2016இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை வீட்டுக் கழுவு சோப்புகளிலிருந்து நீக்கச் சொன்னது. சாதாரண சோப்பைவிட மேலானது என்பதையும், நீண்ட காலம் பயன்படுத்துவது பாதுகாப்பானது என்பதையும் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. வீட்டுக்குச் சாதாரண சோப்பு போதும்.

விடுதியில் ஒரே அறையில் நாலு பேர் இருக்கிறோம். ஒருத்திக்குத் தொடையில் கட்டி வந்து, கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. போன வாரம் எனக்கும் ஒரு கொப்புளம். துண்டு, ரேசர், போன் சார்ஜர் எல்லாம் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துவோம். அறையையே மருந்தடித்துக் காலி செய்ய வேண்டுமா அம்மா?
*கல்லூரி மாணவி*

அறையைக் காலி செய்ய வேண்டாம் கண்ணம்மா. துண்டையும் ரேசரையும் பிரியுங்கள், இன்றைக்கே.

நீ கேட்டதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்வு இருக்கிறது. 2003இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 58 ஆட்டக்காரர்களில் 5 பேருக்கு மொத்தம் 8 முறை எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று வந்தது. எல்லாமே தரையில் உராய்ந்து தோல் உரிந்த இடங்களில். விசாரிக்க வந்த நிபுணர்கள் அறை, கருவிகள், தொட்டி என்று எல்லா இடங்களிலும் மாதிரி எடுத்தார்கள், ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் 84 பேரின் மூக்கிலும் எடுத்தார்கள். பொருட்களிலும் மூக்கிலும் எங்கேயும் எம்.ஆர்.எஸ்.ஏ. அகப்படவில்லை. சாதாரண ஆரியஸ் மட்டும் தொட்டியிலும், கட்டுப் போடும்போது பூசும் ஜெல்லிலும், 35 பேர் மூக்கிலும் இருந்தது. ஆனால் அங்கே பழக்கங்களைக் கவனித்தபோது விஷயம் புரிந்தது. ஆடும்போது ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தினார்கள். காயத்துக்கு மருந்து போடுபவர்கள் கை கழுவ வசதி சரியாக இல்லை. ஆட்டக்காரர்கள் காயத்தை மூடாமலேயே இருந்தார்கள். சாதாரண மக்களைவிடப் பல மடங்கு ஆன்டிபயாடிக்கும் அவர்களுக்கு எழுதப்பட்டிருந்தது.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு பொருள் எப்போது வழியாகிறது என்பதை. ஈரமாக இருந்து, தோலோடு உரசி, உரிந்த தோலைத் தொட்டு, உடனே இன்னொருவரிடம் போகும்போது. துண்டு இந்த எல்லாவற்றையும் செய்கிறது. ரேசர் தோலை மெல்லியதாகக் கீறி, கிருமிக்கு வாசலையும் திறந்துவிடுகிறது. சார்ஜர் அப்படி எதுவும் செய்வதில்லை. சார்ஜரைப் பற்றிக் கவலைப்படாதே.

கட்டியைப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் உள்ளேயும் பரவும், விரல் நகத்துக்கடியிலும் போகும். மருத்துவர் கீறி வடிய விட்டாலே பல சிறு கட்டிகள் ஆறிவிடும், எல்லாவற்றுக்கும் மாத்திரை தேவைப்படாது. காயத்தைக் காய்ந்த கட்டால் மூடி வையுங்கள், நனைந்தால் மாற்றுங்கள், கட்டை மாற்றியதும் கை கழுவுங்கள். உன் கொப்புளத்தையும் மருத்துவரிடம் காட்டு, அறையில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்திருப்பதை மறக்காமல் சொல். அது தெரிந்தால்தான் அவர் வேலை செய்யாத மருந்தை எழுதாமல் இருப்பார். காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, தாங்க முடியாத வலி என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடைகளைத் துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில், வழக்கமான சலவைத்தூள் போட்டுத் துவைத்து, முழுக்க உலர்த்துங்கள். உலர்த்துவது முக்கியம். பாதி ஈரத்தோடு மடித்து வைத்த துண்டு, துவைத்த பலனைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. உன் தோழியை ஒதுக்காதீர்கள். அவள் அருகில் உட்கார்ந்து படிக்கலாம், சாப்பிடலாம். அவள் உடைந்துபோய் இருப்பாள், அதையும் நினைத்துப் பாருங்கள்.

பல் துலக்கும் பிரஷை வாரம் ஒருமுறை வெந்நீரில் கொதிக்க வைக்கலாமா?

வேண்டாம், பிரஷ்தான் கெடும். கழுவி, நிமிர்த்தி வைத்து, காற்றில் காய விடுங்கள், மூடி போடாதீர்கள். மூன்று நான்கு மாதத்தில் மாற்றுங்கள். ஒருவர் பிரஷை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

புற ஊதாக் கதிர் பெட்டி வாங்கலாமா? சாவி, போன், கண்ணாடி எல்லாம் போட்டு எடுக்கலாம் என்கிறார்கள்.

ஒளி விழும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். நிழலிலும், இடுக்கிலும், அழுக்குப் படலத்துக்கு அடியிலும் இருப்பவை தப்பிவிடும். துணியால் துடைப்பது அழுக்கையும் சேர்த்து எடுக்கிறது. எனக்கு அந்தப் பெட்டியில் நம்பிக்கை இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். என் போன், அடையாள அட்டை, கைக்கடிகாரம் வழியாக மருத்துவமனைக் கிருமி அவருக்குப் போய்விடுமோ என்று தினமும் கவலைப்படுகிறேன்.

உங்கள் கவலையை மதிக்கிறேன், சகோதரி. மற்றவர்களுக்கு நான் சொன்ன ஆறுதல் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பொருட்கள் நிற்கும் இடம் வேறு. அசினெடோபாக்டர், கிளெப்சியெல்லா, எம்.ஆர்.எஸ்.ஏ. என்று கடைசி வரிசை மருந்துகளுக்கும் சவால் விடுபவை அந்தப் பிரிவில்தான் சுற்றுகின்றன. அசினெடோபாக்டர் காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். படுக்கைக் கம்பியில் ஒரு நிமிடம் வைத்த போன்கூட எதையாவது எடுத்துக்கொண்டு வரலாம்.

பிரிட்டனில் 2007இல் சுகாதாரத் துறை ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. நோயாளியைத் தொடும் ஊழியர் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது: முழுக்கைச் சட்டை, கடிகாரம், வளையல் எதுவும் இல்லை. துணியில் கிருமி இருந்ததைவிட, மணிக்கட்டு வரை கழுவ முடியாமல் போனதுதான் அதற்கு வலுவான காரணம் என்று நான் நினைக்கிறேன். கடிகாரத்துக்கடியில் சோப்பு போகாது. உங்கள் பிரிவில் இந்த விதி இல்லாவிட்டாலும் நீங்களாகவே கடைப்பிடிக்கலாம்.

போனைப் பணி நேரத்தில் பையிலேயே வையுங்கள். அவசியம் எடுக்க வேண்டியிருந்தால் எடுப்பதற்கு முன்னும் வைத்த பின்னும் கைக்கு சானிடைசர். கையுறை போட்ட கையால் ஒருபோதும் தொடாதீர்கள். கையுறை உங்களைக் காப்பாற்றுகிறது, போனை அல்ல. கழுத்தில் தொங்கும் அட்டைப் பட்டை நோயாளிமேல் உரசும், அதற்குப் பதில் சட்டையில் குத்திக்கொள்ளும் கிளிப் நல்லது. பணி முடிந்ததும் போன், அட்டை, பேனா மூன்றையும் துடைத்துவிட்டு, உடை மாற்றி, கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள். இதைச் செய்தபின் மாமியாரிடம் தாராளமாகப் போய் உட்காரலாம். அவருக்குப் படுக்கைப் புண்ணோ, சிறுநீர் டியூபோ இருந்தால் மட்டும், அதைத் தொடும்போது மருத்துவமனையில் எடுக்கும் அதே கவனத்தை எடுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவி வைக்கிறேன். இதிலும் ஆபத்து உண்டா?
*புதிதாக லென்ஸ் அணியத் தொடங்கியவர்*

உண்டு. இதுவரை நாம் பேசிய பொருட்களில் நான் உண்மையாகவே அஞ்சுவது இதற்குத்தான். போனில் கிருமி காய்ந்து கிடக்கிறது. லென்ஸ் டப்பாவில் ஈரம் இருக்கிறது, அங்கே அது பெருகும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். தட்டில் வளரும்போது பச்சை நிறம் காட்டும், திராட்சை மாதிரி ஒரு மணம் வரும், ஆய்வகத்தில் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பரப்பில் வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்கிவிட்டால், திரவ மருந்துகூட உள்ளே நுழையச் சிரமப்படும். கருவிழியில் ஏறினால் ஓரிரு நாளிலேயே பார்வைக்கு ஆபத்து. இயல்பிலேயே பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கும் கிருமி அது.

2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து வழியாக, கடைசி வரிசை மருந்துகளான கார்பபெனெம் வகைக்கும் கட்டுப்படாத சூடோமோனாஸ் பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். வீட்டுப் பொருள் ஒன்றிலிருந்து மருந்துக்கு மசியாத கிருமி வந்து இவ்வளவு சேதம் செய்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தச் சொட்டு மருந்து கிருமி புகுந்த நிலையிலேயே கடைக்கு வந்தது, வாங்கியவர்கள்மேல் தவறில்லை. ஆனால் திறந்த பாட்டிலின் முனையை இமையில் படவிடுவது, தேதி தாண்டியதைப் பயன்படுத்துவது, ஒரே பாட்டிலை இரண்டு பேர் பகிர்வது எல்லாம் நம் கையில் இருக்கின்றன.

டப்பாவில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. லென்ஸ் திரவத்தாலேயே அலசி, பழையதோடு புதியதைச் சேர்க்காமல் முழுக்கக் கொட்டிவிட்டு, சுத்தமான தாளில் கவிழ்த்து, மூடியையும் திறந்து வைத்துக் காய விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா. கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றி, தூக்கி எறியாமல் டப்பாவோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அதிலிருந்து கல்ச்சர் எடுக்க முடியும்.

முன்பு காய்ச்சலுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கில் நாலு மாத்திரை மீந்திருக்கிறது. பயணப் பையில் எப்போதும் வைத்திருப்பேன், ஜலதோஷம் வந்தால் உதவும் என்று. தேதி தாண்டவில்லை. பயன்படுத்தலாம்தானே?
*அடிக்கடி பயணம் செய்பவர்*

ஐயா, அந்த மாத்திரைகளைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பையில் இருப்பவற்றில் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை வளர்க்கும் சக்தி உள்ள பொருள் அது ஒன்றுதான். போனில் இருப்பவை காத்திருப்பவை என்று மேலே மாணவருக்குச் சொன்னேன். அவற்றைப் பெருக்குவது உடலுக்குள் போகும் தேவையில்லாத மருந்து.

ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் அது குடலிலும் தொண்டையிலும் தோலிலும் இருக்கும் சாதாரண பாக்டீரியாக்களை அடித்து, தாங்கும் திறன் உள்ளவற்றை மிச்சம் வைக்கிறது. அவை பெருகி, கைக்கு வந்து, உங்கள் போனுக்கு வந்து, அடுத்தவர் கைக்குப் போகும். தங்கள் உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, பழகுவது பாக்டீரியா. அதனால்தான் ஆன்டிபயாடிக்கே சாப்பிடாத ஒருவருக்கும் மசியாத தொற்று வருகிறது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார்: அளவு போதாமல் மருந்து எடுத்துக்கொள்பவர், கிருமிகளைக் கொல்லாமல் பழக்கிவிடுவார், அவை இன்னொருவருக்குத் தொற்றும் என்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பலரின் அறிக்கைகளைப் போன்றவற்றை நான் மேஜையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தட்டில் ஒவ்வொரு மருந்து வில்லையைச் சுற்றியும் பாக்டீரியா வளராத வட்டம் ஒன்று தெரிய வேண்டும். அளவுகோலை வைத்து அளப்போம். எல்லா வில்லைகளின் விளிம்பு வரையும் பாக்டீரியா நெருங்கி வளர்ந்திருந்தால், அறிக்கையில் எழுத எந்த மருந்தின் பெயரும் இருக்காது. மறுமுனையில் மருத்துவர் போனில் காத்திருப்பார், 'ஏதாவது ஒன்று?' என்று கேட்பார். அந்த நேரத்துச் சங்கடத்தை யாருக்கும் விரும்ப மாட்டேன்.

மீந்ததை மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள். கழிப்பறையில் போடாதீர்கள். கழிவு நீரில் கலந்த மருந்து அங்கேயும் அதே வேலையைச் செய்யும். அடுத்த முறை மருத்துவர் எழுதித் தரும்போது எத்தனை நாள் என்று தெளிவாகக் கேட்டு, அத்தனை நாள் சாப்பிடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் அவரிடம் கேட்டு நிறுத்துங்கள். அப்போது மீந்துபோக எதுவும் இருக்காது.

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, கல்ச்சரில் ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை என்று வந்தது. ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. ஆனால் அண்ணி அம்மாவின் தட்டு, டம்ளர், சோப்பு எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டார். பேரனைத் தூக்க விடுவதில்லை. அம்மா அழுகிறார். இது தேவையா?

தேவையில்லை. அண்ணியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஈ.எஸ்.பி.எல். என்பது சில ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதி. அதைத் தயாரிக்கும் ஈ. கோலை இன்று ஆரோக்கியமான பலரின் குடலிலும் சத்தமில்லாமல் இருக்கிறது. அண்ணியின் குடலிலும் இருக்கலாம், என் குடலிலும் இருக்கலாம். பரிசோதித்ததால் அம்மாவுடையது வெளியே தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில் குடலில் தங்கும், அதற்காக அவர் நோயாளி இல்லை. அது பரவுவது மலம் பட்ட கை வழியாக. தட்டையும் டம்ளரையும் வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், மற்ற பாத்திரங்களோடு சேர்த்தே கழுவலாம். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், சமைப்பதற்கு முன்பும் வீட்டில் எல்லோரும் கை கழுவ வேண்டும், அம்மா மட்டுமல்ல. உடம்பு துடைக்கும் துண்டு தனியாக இருக்கட்டும், அது எல்லோருக்குமே தனியாக இருக்க வேண்டியது. பேரனைத் தூக்கட்டும், கொஞ்சட்டும்.

கடிதத்தின் கடைசியில், கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி சிறுநீர் கல்ச்சர் செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லாதபோது வேண்டாம். வயதானவர்களின் சிறுநீரில் எந்தத் தொல்லையும் தராமல் பாக்டீரியா இருப்பது சாதாரணம். அறிக்கையில் அதைப் பார்த்துவிட்டு மறுபடி மருந்து கொடுத்தால் அவருக்கு நன்மை இல்லை, எதிர்ப்புதான் கூடும். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் அறிகுறி இல்லாவிட்டாலும் பார்த்துச் சிகிச்சை தருவார்கள். அம்மா அந்த இரண்டு வகையிலும் இல்லையென்றால், பழைய கல்ச்சர் அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்து எப்போதாவது தொற்று வந்தால் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.